கப்பல் கடைக்காரரின் இடஞ்சுற்று

தூத்துக்குடிக்கு வருகிற ஸ்டீமர் எதுவும் கரையை ஒட்டி வந்து நிற்காது. அந்த அளவுக்குத் தண்ணீரில் ஆழம் கிடையாது. ஐந்து மைல், ஆறு மைல் தள்ளி நங்கூரம் போட்டுக்கொள்ளும். சரக்கு தோணியில் போகும், தோணியில் வரும். கப்பலில் இருக்கிற ஆட்களும் மனுஷர்கள்தானே, அவர்களுக்கும் வயிறு உண்டே. முட்டை, கத்தரிக்காய், ஆட்டுக்கறி, நல்ல தண்ணீர், சவரச் சோப்பு என்று அவர்கள் கேட்டதையெல்லாம் கொண்டுபோய் ஏற்றுவதற்கென்றே கடற்கரைச் சாலையில் ஒரு கடை இருந்தது. போர்டில் இங்கிலீஷில் என்னவோ நீளமாக எழுதியிருந்தது. ஊருக்கு அது கப்பல் கடை. கடைக்காரர் பெயர் காசிலிங்கம்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷ் மட்டும் தண்ணீராக வரும். அது பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் அல்ல. கப்பல் ஏணியில் தொங்கிக்கொண்டே கற்றது. ஆகையால் அதில் இலக்கணம் கொஞ்சம் குறைவாகவும் முட்டைக்கோஸ் கொஞ்சம் அதிகமாகவும் இருக்கும்.

குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனுஷர். விடிந்ததும் குளித்துத் திருநீறு பூசிப் பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போய் மூன்று சுற்று வலம் வந்தால்தான் காப்பி இறங்கும். அந்த வலம் வருகிற பழக்கம் அவருடைய எலும்புக்குள்ளேயே போய்விட்டிருந்தது. தெருவில் ஓர் அரசமரம் எதிர்ப்பட்டால், மரம் தன் வலது கைப்பக்கம் வருகிற மாதிரி ரோட்டைக் கடந்து போவார். படகில் போய் ஸ்டீமரை நெருங்கியதும், ஏணி எந்தப் பக்கம் தொங்குகிறது என்று பார்க்கக் கப்பலை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கும். அப்போதும் கப்பல் வலது கைப்பக்கம் இருக்கிற மாதிரிதான் சுற்றச் சொல்லுவார். படகுக்காரர்கள் சிரிப்பார்கள்.

“அண்ணாச்சிக்குக் கப்பலும் சாமிதான்.”

“பின்னே? நமக்குச் சோறு போடுதுல்லா,” என்பார் காசிலிங்கம்.

இப்படிப்பட்டவருக்கு ஆகாய விமானம் ஓட்டுகிற ஆசை எங்கிருந்து வந்தது என்று அவர் பெண்டாட்டி பகவதி பல தடவை யோசித்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த பதில் இதுதான்: சண்டைக் காலத்தில், நாற்பத்து நாலாம் வருஷம், முயல்தீவுக்கு அப்பால் தண்ணீரில் மிதக்கிற விமானம் ஒன்று மிஷின் கோளாறாகி வந்து இறங்கிற்று. அதில் இருந்த வெள்ளைக்காரப் பையன்களுக்குத் தண்ணீரும் வாழைத்தாரும் எலுமிச்சம்பழமும் கொண்டுபோனவர் இவர். அவர்களில் ஒருவன் குஷியாகி, இவரைத் தூக்கி ஓட்டுகிறவன் நாற்காலியில் ஐந்து நிமிஷம் உட்கார வைத்துவிட்டான். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவர் அன்று சாப்பிட்ட மீன்குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

சண்டை முடிந்தது, சுதந்திரமும் வந்தது. பட்டணத்தில் விமானக் கிளப் ஒன்றில் சாதாரண ஆட்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். மாதம் ஒரு தடவை கடை வேலையாகப் பட்டணம் போகிறவர்தான். போன இடத்தில் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். எட்டு மாதம் கழித்து இடம் கிடைத்தது. கிளப்பில் இருந்தது இரண்டே விமானம். இரண்டும் மரச்சட்டத்தில் துணி போர்த்தியவை. கற்றுக்கொடுக்கிற மேனன் முன்னால் உட்காருவார், காசிலிங்கம் பின்னால். ஒரு வருஷத்தில் ஏற்றவும் இறக்கவும் ஓரளவுக்குக் கை வந்துவிட்டது. லைசென்ஸ் வாங்க வேண்டுமென்றால் அரசாங்க அதிகாரிக்கு முன்னால் உட்கார்ந்து வாய்க்கேள்விக்குப் பதில் சொல்லித் தேற வேண்டும். ஆகாயத்தில் வழிவிடுகிற சட்டம், விளக்கு, கொடி அடையாளம், மைதானத்தைச் சுற்றி வந்து இறங்குகிற முறை எல்லாவற்றிலும் கேட்பார்கள்.

அந்தச் சட்டமெல்லாம் இங்கிலீஷில் அச்சடித்த சிறு புத்தகம். பேச வருகிற அளவுக்கு அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது; அதைப் படித்துத் தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. சுங்க ஆபீசில் டைப் அடிக்கிற அற்புதமணி கிடைத்தான். காசிலிங்கத்தோடு அஞ்சாப்பு வரைக்கும் ஒரே பலகையில் உட்கார்ந்தவன். பிறகு மெட்ரிகுலேஷன் வரைக்கும் போனவன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கப்பல் கடையின் பின்கட்டில் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து, ஒரு கையில் தூக்குச் சட்டியும் ஒரு கையில் புத்தகமுமாகப் பாடம் நடத்துவான்.

“ஏலே காசி, கேளு. ரெண்டு பிளேன் எதிரும் புதிருமா வந்தா?”

“ரெண்டு பேரும் வலது பக்கம் ஒதுங்கணும். நம்ம கப்பல் சட்டம்தான்.”

“இறக்கை விளக்கு?”

“எடது சிவப்பு, வலது பச்சை, வாலுல வெள்ளை. இதுவும் கப்பல்தாம்ல. இதையெல்லாமா பரீச்சைல கேப்பான்?”

“மிஷின் வச்ச பிளேனும், பலூனும் வந்தா யார் வழிவிடணும்?”

காசிலிங்கம் கொஞ்சம் யோசித்தார். “பாய் விரிச்சு வார தோணிக்கு ஸ்டீமர்க்காரன் ஒதுங்குதாம்லா? அது மாதிரி. காத்தை நம்பி வாரவனுக்கு மிஷின்காரன் வழி விடணும்.”

அற்புதமணி புத்தகத்தை மூடிவிட்டு ஊறுகாயை நக்கினான். “நான் இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம் வாசிச்சு, டிக்ஷனரியைப் புரட்டிக் கண்டுபிடிச்சதை நீ ஒரு வாய் சோத்துல சொல்லிட்டியே. ஒனக்கு நான் எதுக்குல?”

“ஊறுகாய்க்கு,” என்றார் காசிலிங்கம்.

காற்று வருகிற முகமாகத்தான் இறங்க வேண்டும் என்பதையும் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உப்பளத்தில் நாரை இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர். சிவப்புத் துணியில் மஞ்சள் பெருக்கல் போட்டிருந்தால் இறங்கக் கூடாது என்பது போன்ற புது விஷயங்களை மட்டும் மனப்பாடம் செய்தார். காலையில் கோவிலில் மூன்று சுற்றுக்கும் உதடு முணுமுணுக்கும். அர்ச்சகர் ஏதோ புது மந்திரம் என்று நினைத்துக்கொண்டார்.

புத்தகத்தின் நடுவில் ஒரு வரி இருந்தது. மைதானத்தைச் சுற்றி வரும்போது இடது பக்கமே திரும்பி, மைதானம் எப்போதும் தன் இடது கைப்பக்கம் இருக்கிற மாதிரிச் சுற்ற வேண்டும். அற்புதமணி அதை இரண்டு தடவை சொன்னான். காசிலிங்கமும் இரண்டு தடவை திருப்பிச் சொன்னார். மூன்றாவது தடவை சொல்லுவதற்குள் கடையில் யாரோ வெங்காயம் கேட்டு வந்துவிட்டார்கள்.

ஆவணி மாதம் பரீட்சை. காக்கிக் கால்சட்டை போட்டு, நெற்றியில் திருநீறோடு பட்டணத்தில் அதிகாரிக்கு முன்னால் உட்கார்ந்தார். அதிகாரி வங்காளத்துக்காரர், மூக்குக் கண்ணாடி, அளவான பேச்சு. பன்னிரண்டு கேள்விக்கும் காசிலிங்கம் தம் கப்பல் இங்கிலீஷில் பட்டுப் பட்டென்று பதில் சொன்னார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. கடைசியாக ஒரு வெள்ளைத் தாளில் சதுரமாக மைதானத்தை வரைந்து, காற்றுக்கு ஓர் அம்புக்குறியும் போட்டு, “நீ எப்படிச் சுற்றி வந்து இறங்குவாய், கோடு போட்டுக் காட்டு,” என்றார்.

காசிலிங்கம் பென்சிலை வாங்கினார். மனசுக்குள் ஒரு தடவை காளியம்மனை நினைத்தார். கோடு அழகாக, மைதானம் வலது கைப்பக்கம் இருக்க, ஒரு பூரணமான வலம் வந்து, காற்று வருகிற முகமாக இறங்கிற்று.

“நிச்சயமாகவா?” என்றார் அதிகாரி.

“யெஸ் சார். வெரி ஷுவர், சார்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த ஒன்றை மன்னித்துவிட முடியாது என்று மெதுவாகச் சொன்னார். எல்லாரும் ஒரு பக்கம் சுற்றும்போது ஒருவன் மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றினால் இரண்டு விமானமும் தரையில்தான் கிடக்கும் என்றார்.

வெளியே மேனன் காத்திருந்தார். “மிஸ்டர் காசி, பறக்கும்போதும் நீங்கள் வலது பக்கம் இழுப்பீர்கள், நான் திருத்துவேன். ஏதோ கைப்பழக்கம் என்று நினைத்தேன். தாளிலுமா?” பிறகு, சொல்லக் கஷ்டப்பட்டுக்கொண்டு சொன்னார். கிளப்பில் அறுபது பேர் இடத்துக்குக் காத்திருக்கிறார்கள். ஒரு தடவை தவறினால் பொறுப்பார்கள். இரண்டாவது தடவையும் தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்த பரீட்சை ஐப்பசியில்.

திரும்பி வருகிற ரயிலில் காசிலிங்கம் கணக்குப் பார்த்தார். நாற்பத்திரண்டு வயசு. இனி ஒரு தடவை வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்று இடம் வருவதற்குள் கண்ணுக்குக் கண்ணாடி வந்துவிடும். கண்ணாடி போட்டவனைக் கிளப் டாக்டர் தள்ளிவிடுவார். ஆகையால் ஐப்பசிதான். ஐப்பசி தவறினால் அந்த ஐந்து நிமிஷ நாற்காலியோடு சரி.

அற்புதமணி நடந்ததைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தான். பிறகு காசிலிங்கத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

“ஒனக்குத் தலையில ஏறிட்டு, கையில ஏறலை. நடந்து பழகுல.”

“நடந்தா?”

“ஒரு எடத்தை மைதானம்னு வச்சுக்கோ. தினமும் அம்பது தடவை எடமா சுத்து. கால் பழகிட்டா கை தானா வந்துரும்.”

அது நியாயமாகப்பட்டது. ஆனால் காசிலிங்கத்துக்கு உள்ளே ஒன்று உறுத்திற்று. வாழ்க்கையில் அவர் எதையும் இடமாகச் சுற்றியது ஒரே ஒரு தடவைதான். அது சுடுகாட்டில், தோளில் தண்ணீர்க் குடத்தோடு, அப்பாவின் சிதையை. அந்த மூன்று சுற்றிலும் முதுகில் ஒழுகிய தண்ணீரின் குளிர்ச்சி இன்றைக்கும் அவருக்கு ஞாபகம் இருந்தது. இதைப்போய் அற்புதமணியிடம் எப்படிச் சொல்லுவது?

மறுநாள் காலை பகவதி அடுக்களையில் இருந்தபோது முற்றத்தில் அவள் அரிசி புடைக்கிற சுளகைக் கவிழ்த்து வைத்தார். அதுதான் மைதானம். பக்கத்தில் ஒரு நார்ப்பெட்டி, பெட்ரோல் ஷெட்டுக்கு. காற்று எப்படி அடிக்கிறது என்று காட்ட ஒரு விளக்குமாற்றைக் கிடத்தினார். இரண்டு கையையும் இறக்கைபோல விரித்துக்கொண்டு, சுளகு இடது கைப்பக்கம் இருக்க, மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தார். முதல் சுற்றில் கால் கூசிற்று. இரண்டாவதில் கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாவதில் வாயால் மிஷின் சத்தம்கூட வந்துவிட்டது.

“ஐயோ!”

சத்தம் மதிலுக்கு மேலே இருந்து வந்தது. அடுத்த வீட்டுச் சங்கரம்மாள், துணி காயப்போட வந்தவள், ஈரச்சேலையைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றாள். “ஏளா பகவதி! இங்கன வந்து பாருளா. ஒன் வீட்டுக்காரரு முத்தத்துல எடஞ்சுத்துதாருளா!”

பகவதி கரண்டியோடு ஓடி வந்தாள். சுளகைப் பார்த்தாள், விளக்குமாற்றைப் பார்த்தாள், விரித்த கையோடு நிற்கிற புருஷனைப் பார்த்தாள்.

“என்னங்க செய்யுதிய?”

“பாடம் படிக்கேன்.”

“பாடமா? வீட்டுல அத்தனை பேரும் உசுரோட நிக்கையில, பொழுது விடிஞ்சும் விடியாம எடமாச் சுத்துதியளே, யாருக்கு இந்தச் சுத்து? எனக்கா?”

“ஏளா, இது மைதானம்…”

“அது என் சுளகு!” அவள் குனிந்து சுளகை எடுத்துத் தட்டினாள். “நாளைக்கு இதுல அரிசி புடைக்கணும் நான். அந்தக் கையோட அம்மன் கோவிலுக்கு வேற போவிய. சாமி என்ன நெனைக்கும்?”

அந்தக் கடைசிக் கேள்விதான் அவரைத் தைத்தது. அவருடைய கேள்வியும் அதுவேதான். கையை மடக்கிக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. கடையில் சரக்கு ஏற்றுகிற மாசானம்கூட, “அண்ணாச்சி, வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியலையா?” என்று விசாரித்தான்.

அதன் பிறகு காசிலிங்கம் நடந்து பழகவில்லை. புத்தகத்தை மட்டும் புரட்டினார். தாளில் கோடு போட்டுப் பார்த்தால், ஐந்துக்கு மூன்று தடவை பென்சில் வலமாகவே போயிற்று. புரட்டாசி ஓடிக்கொண்டிருந்தது. கோவிலில் மூன்று சுற்று வரும்போது இப்போதெல்லாம் உதடு முணுமுணுப்பது இல்லை. ஒரு நாள் சன்னதியில் நின்று வாய்விட்டே கேட்டார்: “தாயே, ஒன்னைய வலம் வந்த உடம்பு இது. எடமாச் சுத்துனாத்தான் பறக்கலாம்னு சொல்லுதான். தப்புன்னா சொல்லிரு, விட்டுருதேன்.” அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. அர்ச்சகர் குங்குமத்தைக் கொடுத்து, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார், பின்னால் கூட்டம்.

ஐப்பசிப் பிறப்புக்கு ஐந்து நாள் இருந்தது. அன்று வரவேண்டிய கொழும்பு ஸ்டீமர் வரவில்லை. கடலில் மழை என்று செய்தி. நாலு மணிக்கெல்லாம் கடையில் வேலை இல்லை. சாயங்காலத்தில் காசிலிங்கம் சும்மா இருப்பது வருஷத்தில் நாலு நாள்கூட இருக்காது. எப்போதும் அந்த நேரத்தில் படகில் இருப்பார், இல்லாவிட்டால் காய்கறிக் கூடையை எண்ணிக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது.

“பகவதி சிவன் கோவிலுக்குப் போயிருக்கா அண்ணாச்சி. இன்னைக்குப் பிரதோஷம்லா,” என்றாள் சங்கரம்மாள், மதிலுக்கு மேலே இருந்து. ‘நீங்க மறுபடி சுத்த வந்தியளோ’ என்று அவள் கண் கேட்டது.

சாவி பகவதியிடம் இருந்தது. சரி, நாமும் போய்க் கும்பிடுவோம் என்று நடந்தார். அவருடைய கும்பிடு எல்லாம் காலையில், காளியம்மனுக்கு. சிவன் கோவிலுக்குத் திருவிழா, நல்ல நாள் என்று போயிருக்கிறாரே தவிர, பிரதோஷ நேரத்தில் கால் வைத்ததில்லை. உள்ளே நல்ல கூட்டம். நந்திக்கு அபிஷேகம் ஆகி, அருகம்புல் மாலை சாத்தியிருந்தார்கள். கூட்டத்தில் பகவதியின் அரக்குச் சேலை தெரிந்தது. கூப்பிடலாம் என்று வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பகவதி நந்தியைக் கும்பிட்டுவிட்டுப் பிராகாரத்தில் நடந்தாள். சன்னதியை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தாள்.

காசிலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அவள் மட்டும் இல்லை. முன்னால் போகிறவர்கள், பின்னால் வருகிறவர்கள், திருநீறு பூசிய பெரியவர்கள், பெண்கள் எல்லாருமே இடமாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் கலவரம் இல்லை. சண்டிகேசுவரர் வரைக்கும் போய்க் கைதட்டிக் கும்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி நந்தியிடம் வந்தார்கள். பிறகு வலமாகக் கிளம்பி, அபிஷேகத் தண்ணீர் விழுகிற கோமுகி வரைக்கும் போய், அதைத் தாண்டாமல் மறுபடி திரும்பினார்கள்.

அவள் திரும்பி வந்தபோது வழியில் போய் நின்றார்.

“ஏளா பகவதி!”

“நீங்க எங்கன இந்நேரத்துல? கப்பல் வரலையா?”

“எடமாப் போனியே, நீ.”

“ஆமா.”

“எடமாச் சுத்துனே. நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

“பிரதோஷத்துக்கு அப்படித்தாங்க சுத்தணும். கொஞ்சம் எடம், கொஞ்சம் வலம். இது சாமி ஏற்படுத்துன சுத்து. நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து…” அவள் பாதியில் நிறுத்தினாள். அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

“அன்னைக்கு முத்தத்துல என்னைய என்ன பேச்சுப் பேசுனே?”

பகவதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோவில் என்றும் பார்க்காமல் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சுளகைச் சுத்துததும் சாமியைச் சுத்துததும் ஒண்ணாங்க?” என்றாள், சண்டை போடுகிற மாதிரி. ஆனால் குரலில் பலம் இல்லை.

“அப்போ எடமாச் சுத்துனா சாமிக்குக் கோவம் இல்லையாளா? நெசமாச் சொல்லு. எனக்கு அதுதான் தெரியணும்.”

அவர் கேட்ட விதத்தில் அவள் சிரிப்பு நின்றது. நாற்பத்திரண்டு வயசு மனுஷர், கூட்டத்துக்கு நடுவில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குழந்தை மாதிரிப் பதிலுக்கு நிற்கிறார். ஒரு மாசமாக இவர் சரியாகச் சாப்பிடாததற்குப் பரீட்சைதான் காரணம் என்று அவள் நினைத்திருந்தாள். இதற்காகத்தானா?

“இங்கன வாங்க,” என்று அவரைத் தூண் ஓரம் இழுத்துக்கொண்டு போனாள். “அந்தா இருக்காளே அம்மை, அவ பேரு என்ன?”

“பாகம்பிரியா.”

“ஏன் அந்தப் பேரு? சாமி ஒடம்புல பாதியை வாங்கிக்கிட்டவ. எந்தப் பாதி?”

காசிலிங்கம் தம் இடது தோளைத் தொட்டார்.

“எடது பக்கம் அம்மையோட பக்கம்லா. நீங்க காளியம்மன் பிள்ளைதான? ஒங்களுக்கு அந்தப் பக்கம் என்ன பயம்?” என்றாள் பகவதி. சற்றுப் பொறுத்து, “இத்தனை வருஷமா இதைச் சுத்துதேன், எனக்கே தோணலை பாருங்க. சங்கரம்மாக்கா போட்ட சத்தத்துல நானும் பதறிட்டேன். வாங்க, எம் பின்னால நடங்க,” என்றாள்.

முன்னால் அவள், பின்னால் அவர். சன்னதி இடது கைப்பக்கம். கல் தரை பாதத்துக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் அது வேறு குளிர்ச்சி. அவளுடைய மெட்டி கல்லில் பட்டு டக், டக் என்று கேட்டது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே காசிலிங்கம் நடந்தார். சண்டிகேசுவரரிடம் போய்ச் சேருவதற்குள் அவருடைய இடது தோள் லேசாகத் தாழ்ந்திருந்தது.

“நேரா நடங்க. கோவில்லயே பறக்காதிய,” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

மறுநாளிலிருந்து பரீட்சை வரைக்கும் காலையில் முற்றத்தில் பாடம் நடந்தது. சுளகை மட்டும் தரமாட்டேன் என்றுவிட்டாள். பழைய ஓலைப்பாய் ஒன்றைக் கொடுத்தாள். விளக்குமாற்றை அவளே திசைக்குத் திசை மாற்றி வைத்து, “இப்போ காத்து கெழக்க இருந்து. எங்கன எறங்குவிய?” என்று கேட்பாள். அவர் தப்பாகத் திரும்பினால் அடுக்களையில் இருந்தே கண்டுபிடித்துவிடுவாள். சங்கரம்மாள் இருக்கிற பக்கம் துணிக்கொடியில் ஒரு ஜமுக்காளத்தைக் காயப்போட்டு மறைத்திருந்தார்கள்.

ஐப்பசியில் அதே அதிகாரி, அதே மேஜை. இந்தத் தடவை பதினாலு கேள்வி. காசிலிங்கம் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். பதினாலும் முடிந்ததும் அதிகாரி வெள்ளைத் தாளை எடுத்தார். சதுரம் வரைந்தார், அம்புக்குறி போட்டார். பென்சிலை நீட்டினார்.

பென்சிலைத் தாளில் வைத்த உடனே கை வலது பக்கம் ஒரு நூல் நகர்ந்தது. காசிலிங்கம் அதை நிறுத்தினார். கண்ணை மூடினார். டக், டக் என்று மெட்டிச் சத்தம் முன்னால் போயிற்று. கை அதன் பின்னால் போயிற்று. முதல் மூலையில் இடது, இரண்டாம் மூலையில் இடது, மூன்றாவதில் இடது, நாலாவதிலும் இடது. காற்று வருகிற முகமாக இறங்கிப் பென்சிலைக் கீழே வைத்தார்.

அதிகாரி தாளைத் தம் பக்கம் திருப்பிப் பார்த்தார். “போன தடவை வலது பக்கம் போட்டாய். ‘வெரி ஷுவர்’ என்றும் சொன்னாய். ஏன் என்று எனக்கு அன்றிலிருந்து புரியவே இல்லை.”

பொய் சொல்ல அவருக்கு வராது. அரைகுறை இங்கிலீஷில் அத்தனையும் சொன்னார். அம்மன் கோவில், மூன்று சுற்று, சிதை, சுளகு, பிரதோஷம், மெட்டி. அதிகாரி தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். போன தடவையும் அவர் இப்படித்தான் கழற்றினார்.

“இன்னும் ஒரே ஒரு கேள்வி,” என்றார் அதிகாரி. “சில மைதானத்தில் வலது பக்கமாகத்தான் சுற்ற வேண்டும் என்று அடையாளம் வைத்திருப்பார்கள். அப்போது என்ன செய்வாய்?”

காசிலிங்கத்தின் முகம் மலர்ந்தது. “தட் டெய்லி மார்னிங் ஐ டூ, சார்.”

அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

தூத்துக்குடி ஸ்டேஷனில் அற்புதமணி காத்திருந்தான். பெட்டியில் இருந்து இறங்கிய முகத்திலேயே அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. “ஊறுகாய்க்காரனை மறந்துராத,” என்று மட்டும் சொல்லிப் பையை வாங்கிக்கொண்டான். குதிரை வண்டியில் வரும்போது அரசமரம் எதிர்ப்பட்டது. பழக்கத்தில் காசிலிங்கம் வண்டிக்காரனிடம் மரத்தை வலது பக்கம் விட்டு ஓட்டச் சொன்னார். வண்டிக்காரனும் பழக்கத்தில் அப்படியே ஓட்டினான்.

வீட்டு வாசலில் பகவதி நின்றாள். இரண்டு நாளாக அவளுக்கும் தூக்கம் இல்லை என்பது கண்ணில் தெரிந்தது. கதவை அகலத் திறந்து உள்ளே காட்டினாள். முற்றத்து நடுவில், கழுவித் துடைத்து, ஓரத்தில் மஞ்சள் தடவி, அவளுடைய சுளகு கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் விளக்குமாறு.

காசிலிங்கம் செருப்பைக் கழற்றினார். இரண்டு கையையும் விரித்தார். சுளகு இடது கைப்பக்கம் இருக்க, தோளைத் தாழ்த்தி, வாயால் மிஷின் சத்தம் போட்டுக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அற்புதமணி வாசலில் நின்று கைதட்டினான்.

அன்றைக்கு ஜமுக்காளம் துவைக்கப் போயிருந்தது. மதிலுக்கு மேலே சங்கரம்மாளின் தலை வந்தது.

“ஏளா பகவதி! மறுபடியும் எடஞ்சுத்துதாருளா! நீயும் பாத்துக்கிட்டு நிக்கியே!”

“சத்தம் போடாதீங்கக்கா,” என்றாள் பகவதி, புருஷனை விட்டுக் கண்ணை எடுக்காமல். “பிளேன் எறங்குது.”